பெட்டைச் சிட்டு மின்னிய நாள்

சமையல்கட்டு ஜன்னலோரம் அரிசி டின்னை நிறுத்தி, அதன் மேல் துண்டை மடித்துப் போட்டு, துண்டின் மேல் கேமராவை வைத்திருந்தேன். லென்ஸின் மூக்கு மட்டும் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து அடுப்பில் குக்கர் மூன்றாவது விசிலுக்கு முனகிக்கொண்டிருந்தது. என் மனைவி அஞ்சலைக்குக் கருவேப்பிலை வேண்டுமென்றால் என் அக்குளுக்குக் கீழே கையை நுழைத்துத்தான் எடுக்க வேண்டும்.

"இந்த ஜன்னலு உங்களுக்கா எனக்கா? ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றாள்.

"பேசாத. வந்துகினு இருக்குது."

வந்தது. நடுவிரல் நீளமே உள்ள தேன்சிட்டு. வெளியே தொங்கிய சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டியின் வளையத்தில் உட்கார்ந்தது. வளைந்த மூக்கைச் சிவப்பு பிளாஸ்டிக் பூவுக்குள் விட்டு உறிஞ்சியது. பெட்டை. பின்பக்க சன்ஷேடுக்குக் கீழே தொங்கும் கேபிள் ஒயரில் கூடு கட்டி, இரண்டு குஞ்சு பொரித்திருந்த பெட்டைதான்.

ஆணுக்குத்தான் கழுத்தில் மின்னும். பச்சை, ஊதா என்று தலை திருப்பும்போதெல்லாம் நிறம் மாறும். பெட்டைக்கு வெறும் மஞ்சள் நெஞ்சு, மங்கலான மஞ்சள். ஆனால் அன்றைக்கு அந்த மஞ்சள் வெயிலில் பளபளத்தது. பட்டுத் துணி போல.

பொத்தானை அமுக்கிப் பிடித்தேன். கேமரா படபடவென்று நாற்பது படம் எடுத்துத் தள்ளியது.

"அஞ்சலை, பொட்டைக்கும் மின்னுதுடி."

"மின்னட்டும். அந்தக் கருவேப்பிலைய எடுக்க வுடுங்க."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். படித்தவர்கள் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்திருப்பதில் இல்லாத ஒன்றை மந்தாரக்குப்பத்தில், ஒரு சமையல்கட்டு ஜன்னலில் நின்று கண்டுபிடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். நல்ல படமாக மூன்றைப் பொறுக்கி அங்கேயே நின்று அமெரிக்காவுக்கு அனுப்பினேன்.

புட்டி வந்த வழி

அமெரிக்காவில் என் மூத்த மகள் கலைச்செல்வி இருக்கிறாள். ஒரு கோடையில் அவள் வீட்டுக்குப் போய் ஆறு வாரம் இருந்தேன். பேச ஆள் இல்லை. அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். எதிரே இந்த மாதிரிப் புட்டி ஒன்று தொங்கியது.

அங்கே வருவது ஹம்மிங் பேர்ட். நம் தேன்சிட்டு மாதிரி உட்கார்ந்து குடிக்காது. காற்றிலேயே நின்று குடிக்கும். இறக்கை அடிப்பது கண்ணுக்குத் தெரியாது, வண்டு பறக்கிற சத்தம் மட்டும் கேட்கும். குடித்து முடித்ததும் பின்னாடியே பறந்து போகும். ரிவர்ஸ் கியர் உள்ள குருவியை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன்.

மருமகன் தன் பழைய கேமராவைக் கொடுத்து, கூடவே ஒரு புத்தகமும் கொடுத்தார். புத்தகத்தை மேசை ஆடாமல் இருக்கக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டேன். கேமராவில் இருக்கும் ஒவ்வொரு திருகையும் ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒன்றைத் திருப்பினால் இன்னொன்றைத் தொட மாட்டேன். படம் என்ன ஆகிறது என்று பார்ப்பேன். நாலே நாளில் கேமரா என் கைக்கு வந்துவிட்டது. நிலக்கரிச் சுரங்கத்தில் கரி சுமந்து ஓடும் கன்வேயர் பெல்ட்டை ஒட்டும் வேலையையும் நான் இப்படித்தான் கற்றேன். அந்த வேலைதான் தொழிலாளியாக இருந்த என்னைக் காண்ட்ராக்டர் ஆக்கியது. அதை இந்தப் பத்திரிகையில் முன்பே எழுதிவிட்டேன். விட்ட இடம் தெரியாதவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

திரும்பி வரும்போது மகள் ஒரு புட்டியைக் கைலியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். இங்கே கொண்டுவந்து தொங்கவிட்டேன். பத்து நாள் ஒரு குருவியும் வரவில்லை.

எதிரே முருங்கைப் பூவில் சிட்டு உட்கார்ந்து குடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் உறைத்தது. நம் சிட்டுக்கு உட்கார இடம் வேண்டும். புட்டியோ காற்றில் நிற்கிற குருவிக்குச் செய்தது. ஒரு முழம் கட்டுக்கம்பியை வளைத்து, புட்டியைச் சுற்றி ஒரு வளையம் போட்டேன். மறுநாள் காலையில் ஆண் வந்தது. மத்தியானம் பெட்டை வந்தது.

என்ன சொல்கிறீர்கள்? அமெரிக்காக்காரன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்துச் சரி செய்திருக்கிறேன். தெருவில் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு புட்டி வரவழைத்து நாலு வீட்டில் தொங்கவிட்டார்கள். நாலுக்கும் வளையம் நான்தான் வளைத்துக் கொடுத்தேன்.

மகள் இருக்கும் ஊரில் குருவி பார்ப்பவர்கள் சேர்ந்து நூலகச் சுவரில் படம் மாட்டுவார்களாம். "அப்பா, நம்மூரு தேன்சிட்டு ஒண்ணு அனுப்புங்க. ஒண்ணே ஒண்ணு. நல்லதா இருக்கணும்" என்றாள். என் படத்தை அமெரிக்காவில் மாட்டப்போகிறார்கள் என்று நான் தெருவுக்கே சொல்லிவிட்டேன். பால்காரரும் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்.

தூக்குச்சட்டியும் எறும்பும்

சர்க்கரை இருக்கும் இடத்தில் எறும்பு இருக்கும். புட்டி தொங்கிய கம்பி வழியாக வரிசை கட்டி இறங்கி வந்தன. பூவுக்குள்ளே செத்து மிதந்தன. சிட்டு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எறும்புக்கு மருந்து எனக்குத் தெரியும்.

நான் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் ஆளாக இருந்த காலம். பர்மனென்ட் ஆட்களுக்குக் கேன்டீன் உண்டு. எங்களுக்குப் பெல்ட்டுக்குக் கீழே இருக்கும் நிழல்தான் கேன்டீன். தூக்குச்சட்டிகளை இரும்புச் சட்டத்திலிருந்து கம்பியில் தொங்கவிடுவோம். கீழே வைத்தால் கரித்தூள், மேலே வைத்தால் எறும்பு. அதனால் கம்பியின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு, மோதிரம் போட்ட மாதிரி, கிரீஸ் தடவி விடுவோம். எறும்பு அதுவரை வரும். மீசையால் தொட்டுப் பார்க்கும். திரும்பிவிடும்.

எங்கள் பெல்ட்டுக்கு அப்போது ஃபோர்மேனாக இருந்தவர் பரமசிவம். திருநெல்வேலிப் பக்கம். வருகிற வழியில் தூக்குச்சட்டிகளைப் பார்த்துவிட்டு, "சோத்துக்குக் கிரீஸ் போடுதானுவ. பெல்ட்டு ரோலருக்குப் போடச் சொன்னா மட்டும் கை வலிக்கி" என்பார். அன்று தொடங்கியது எங்களுக்குள் போட்டி. அவர் சொன்னதை நான் ஒப்புக்கொண்டதில்லை, நான் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ரிட்டையர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தவர், எங்கெங்கோ இடம் இருக்க, மந்தாரக்குப்பத்தில் என் பக்கத்துத் தெருவிலேயே வந்து வீடு கட்டினார். என் புட்டிக்குச் சிட்டு வந்த மறுவாரம் அவரும் ஒன்று மாட்டினார்.

புட்டிக் கம்பியில் கிரீஸ் தடவினேன். ஒரே நாளில் எறும்பு நின்றது. நாலு வீட்டுக்கும் டப்பாவை நானே எடுத்துப் போனேன். மூன்று வீட்டில் என் விரலாலேயே தடவிக் கொடுத்தேன். ஃபோர்மேனுக்கு மட்டும் காகிதத்தில் ஒரு உருண்டை வைத்துக் கொடுத்தேன். "சரிவே" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

மகள் கேட்ட கேள்வி

மின்னும் பெட்டையின் படத்தை அனுப்பி அரை மணி ஆகியிருக்காது. போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன், அஞ்சலையும் என் பெருமையைக் கேட்கட்டும் என்று.

"அப்பா, அந்தப் பொட்டைக்கு நெஞ்சுல இன்னா?"

"அதாம்மா விசேசமே. மின்னுது பாரு."

"மின்னலப்பா. எறகெல்லாம் ஒட்டிகினு இருக்குது. படத்தப் பெருசு பண்ணிப் பாருங்க. கம்பியில இன்னா தடவனீங்க?"

யாராவது கேள்வியை ஆரம்பித்தாலே பதில் சொல்லிவிடுகிறவன் நான். அன்றைக்கு முதலில் படத்துக்குத்தான் கை போனது.

படத்தைப் பெரிதாக்கினேன். நெஞ்சின் இறகுகள் எண்ணெயில் தோய்த்த தூரிகை போலக் கூர் கூராக ஒட்டியிருந்தன. படத்தின் ஓரத்தில் கம்பி தெரிந்தது. நான் தடவிய இடத்தில் மோதிரம் இல்லை. பழுப்பாக ஒரு கோடு கீழே இறங்கி, நான் வளைத்த வளையம் வரைக்கும் வந்திருந்தது.

கத்திரி வெயில். கிரீஸ் உருகியிருக்கிறது.

சுரங்கத்தில் தூக்குச்சட்டி தொங்கியது பெல்ட்டின் நிழலில். என் வீட்டில் புட்டி தொங்கியது மொட்டை வெயிலில். கோடையில் ரோலர்கள் கிரீஸைக் கக்கும்போது எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன், வெயிலுக்கு எந்தக் கிரீஸ் என்று தெரியாதவன் வேலைக்கு வராதே என்று. எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை. தெரிந்ததைத் தலையில் வைத்துக்கொண்டே தடவியிருக்கிறேன்.

"ஏங்க, இங்க வாங்க."

அஞ்சலை எப்போது வெளியே போனாள் என்று தெரியாது. செம்பருத்திச் செடிக்குக் கீழே குனிந்து நின்றாள். பெட்டை தரையில் கிடந்தது. இறக்கையை அடித்தது. ஒரு சாண் எழும்பிச் சாய்ந்து விழுந்தது.

மேலே கூட்டில் இரண்டு வாயும் திறந்து கத்திக்கொண்டிருந்தன. ஆண் மட்டும் ஒரு பூச்சியோடு வந்து கொடுத்துவிட்டுப் பறந்தது.

"ரெண்டு வாய்க்கு அது ஒத்தையா ஓடுது பாருங்க" என்றாள்.

அரிசி மாவு

துண்டைப் போட்டுப் பிடித்தது அவள்தான். என் கை முரட்டுக் கை. நான் சாமான் செட்டுக்கு ஓடி, இயந்திரம் துடைக்கிற பனியன் வேஸ்ட்டை டீசலில் நனைத்து எடுத்து வந்தேன். கிரீஸ் என்றால் எங்களுக்கு டீசல்தான் தெரியும்.

அஞ்சலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அது இன்னா ரோலரா?"

வேஸ்ட்டைக் கீழே போட்டேன்.

போனில் மகள், அங்கே ராத்திரி என்றும் பாராமல், தெரிந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அஞ்சலை அரிசி மாவை இரண்டு விரலால் எடுத்து நெஞ்சில் தூவினாள். மாவு கிரீஸைக் குடித்துக்கொண்டது. பஞ்சால் ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. மறுபடி மாவு, மறுபடி பஞ்சு. பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு. மூக்கிலும் கண்ணிலும் படாமல் இறகு இறகாகக் கழுவி, நல்ல தண்ணீரில் அலசினாள். எனக்குக் கொடுத்த வேலை பஞ்சைக் கிழித்துக் கிழித்து நீட்டுவது.

"கையில வச்சிப் பாருங்களேன். வாட்ச்சாட்டம் ஓடுது நெஞ்சு" என்றாள்.

நான் வாங்கவில்லை.

ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் பழைய புடவைத் துணியை விரித்து உள்ளே விட்டு மூடினாள். "சாயங்காலம் நாலு மணி வரைக்கும் தொறக்கக் கூடாது. பொழச்சா அதும் அதிர்ஷ்டம்."

போனில் மகள் கேட்டாள். "வேற யாரு வூட்லயாவது தடவி இருக்கீங்களாப்பா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலை சொல்லிவிட்டாள். "தெரு பூராத் தடவி வச்சிருக்காரும்மா உங்கப்பா."

மணி பன்னிரண்டு. வெயில் நடு உச்சியில். அந்த வீடுகளின் கம்பிகளிலும் இந்த நேரத்தில் உருகிக்கொண்டிருக்கும்.

நாலு வீடு

வேஸ்ட்டை, இந்த முறை டீசல் இல்லாமல், பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். நடக்கும்போதே ஒரு பேச்சைத் தயார் செய்தேன். புது கிரீஸ் வந்திருக்கிறது, பழையதைத் துடைத்துவிட்டு நாளைக்கு வேறு போடுகிறேன் என்று சொல்லலாம். கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நான் சொல்லி யாரும் சந்தேகப்பட்டதில்லை.

முதல் வீடு துணிக்கடை ஜாபர் பாய் வீடு. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கம்பியில் இருக்கும் கிரீஸைத் துடைக்க வந்தேன் என்றேன்.

"நல்லாத்தான இருக்குங்க, எறும்பே வரலையே. எதுக்குத் தொடைக்கிறீங்க?" என்றார்.

புது கிரீஸ் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் புட்டியின் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டியது.

"நான் சொன்னது தப்பாப் போச்சு பாய். குருவி மேல ஒட்டிகிச்சு" என்றேன்.

சொல்லிவிட்டு அவர் கம்பியைத் துடைத்தேன். இரண்டாம் வீட்டில் அந்தச் சொல் கொஞ்சம் சுலபமாக வந்தது. மூன்றாம் வீடு பூட்டியிருந்தது. சுற்றுச்சுவர் ஏறிக் குதித்துத் துடைத்தேன். இந்த வயதில் சுவர் ஏறுகிறவர் இந்த வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள்.

நாலாவது ஃபோர்மேன் வீடு. கேட்டுக்கு வெளியே கொஞ்ச நேரம் நின்றேன். அவரிடம் தப்பு என்று சொல்வதற்குச் சுவர் ஏறுவதே தேவலை.

கேட்டைத் தள்ளினேன். சத்தமே இல்லாமல் திறந்தது. பரமசிவம் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னவே காண்ட்ராக்டர், இந்த வெயில்ல?"

"நான் சொன்னது தப்பு ஃபோர்மேன். கிரீஸ் உருகி எங்க வூட்டுப் பொட்டச் சிட்டு மேல ஒட்டிகிச்சு. உங்க கம்பியத் தொடைக்க வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். பேப்பரை மடித்தார்.

"திருப்பிச் சொல்லும்."

"எத?"

"மொதல்ல சொன்னீரே, அத."

"நான் சொன்னது தப்பு."

"எத்தன வருசமாச்சு இதக் கேக்க" என்றார். சிரிக்கவில்லை. "சரி, போய்த் தொடையும்."

புட்டி மரத்தடியில் தொங்கியது. கம்பி சுத்தமாக இருந்தது. துளி கிரீஸ் இல்லை. கம்பியின் நடுவில் ஒரு பெயிண்ட் டப்பா மூடி. அதில் ஓட்டை போட்டுக் கம்பியைச் செருகி, ஓட்டையை அடைத்து, மூடி நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தார். இரண்டு எறும்பு விளிம்பில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நான் கொடுத்த கிரீஸ் எங்க?"

"கேட்டுக் கீலுக்குப் போட்டேன். சத்தமில்லாமத் தெறக்குதுல்லா?"

"அன்னிக்கு சரின்னு வாங்கிகினீங்க."

"நீரு சொன்னத நான் என்னைக்குவே கேட்டிருக்கேன்?"

கோபம் வரவேண்டும். வரவில்லை. அவர் கேட்காததால் அவர் வீட்டுக் குருவி பறந்துகொண்டிருந்தது. அந்த மூடியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நான் கேட்டேன், "இத எப்பிடி அடச்சீங்க, ஒழுவாம?"

யாரிடமும் எப்படி என்று கேட்டுப் பழகாதவன் நான். பார்த்துத்தான் கற்றுக்கொள்வேன். அவர் உள்ளே போனார். இன்னொரு மூடியும் ஒட்டும் பசையும் கொண்டுவந்து, மெதுவாக, நான் பார்க்கும்படி செய்து காட்டினார்.

"சிட்டு எங்கவே இருக்கு?"

"பொட்டியில. நாலு மணிக்குத் தொறக்கணும்."

"இரும், வண்டிய எடுக்கேன்."

நாலு மணி

பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். அஞ்சலை மூடியைத் திறந்தாள். ஃபோர்மேன் எனக்குப் பின்னால் நின்றார்.

சிட்டு துணியில் உட்கார்ந்திருந்தது. செத்துப்போகவில்லை. பறக்கவும் இல்லை. நெஞ்சில் மஞ்சள் மங்கலாக, தலை துவட்டிய பிள்ளை முடி மாதிரி கலைந்து கிடந்தது. பளபளப்பு கொஞ்சமும் இல்லை. இவ்வளவு அழகான மங்கலை நான் பார்த்ததில்லை.

"எந்திரிம்மா" என்றார் ஃபோர்மேன் மெல்ல. பெல்ட்டே அதிரக் கத்திய மனுஷன்.

முருங்கையிலிருந்து ஆண் குரல் கொடுத்தது. பெட்டை பெட்டியின் விளிம்புக்குத் தாவியது. என் கட்டைவிரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி உட்கார்ந்து ஒரு இறக்கையை நீட்டியது. மறு இறக்கையை நீட்டியது. அப்புறம் அங்கே இல்லை.

துணிக்கொடியில் போய் உதறிக்கொண்டது. அங்கேயே வெகுநேரம் மூக்கால் இறகைக் கோதியது. நாங்கள் மூன்று பேரும் நின்ற இடத்தில் நின்றோம். கடைசியில் சன்ஷேடு மூலையில் ஒரு சிலந்தியைப் பிடுங்கிக்கொண்டு கூட்டுக்குப் போனது. இரண்டு வாயும் திறந்தன.

அஞ்சலை துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு பேரும் போயி அந்தப் புட்டியக் கழுவி வையுங்க" என்றாள். ஒரு காண்ட்ராக்டரும் ஒரு ஃபோர்மேனும் போய்க் கழுவினோம். வேப்பமரம் எனக்கு இல்லாததால், புட்டியை முருங்கை நிழலுக்கு மாற்றி, புது மூடியோடு தொங்கவிட்டோம்.

கேமரா அரிசி டின் மேலேயே இருந்தது. அதை எடுக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. என் கையிலிருந்து ஒரு சிட்டு பறந்ததற்கு என்னிடம் ஒரு படமும் இல்லை.

ஃபோர்மேனிடம் இருந்தது. போனில் எடுத்திருக்கிறார். பாதி ஆடிய படம். பெட்டி விளிம்பில் சிட்டு, ஒரு இறக்கை நீட்டி, அது மட்டும் தெளிவு. ராத்திரிக்குள் தெருக் குழுவில் தன் பெயரோடு போட்டுவிட்டார்.

குஞ்சுகள் அந்த வாரக் கடைசியில் ஒன்றும், இரண்டு நாள் கழித்து ஒன்றுமாகப் பறந்தன. பறந்த பிறகுதான் மகள் நூலகச் சுவருக்கான படத்தைக் கேட்டாள். என்னிடம் ஆயிரத்துக்குமேல் படம் இருந்தது. ஆண் சிட்டின் கழுத்து மின்னுகிற படம், அதில் ஒவ்வொரு இறகையும் எண்ணலாம். அதையெல்லாம் ஒரு முறை பார்த்துவிட்டு, தெருக் குழுவில் இருந்ததை அனுப்பினேன்.

"இது யாருப்பா எடுத்தது? கை உங்க கையாட்டம் இருக்குதே."

"ஃபோர்மேன் எடுத்தாரு. பரமசிவம்னு பேரு போடு."

"நெசமாவாப்பா?"

"நெசமாத்தான். கழுவுனது அஞ்சலைன்னு அதுக்குக் கீழப் போடு."

"சரி. கைக்குப் பேரு போடவா?"

யோசித்தேன்.

"போடு" என்றேன். "சின்ன எழுத்தாப் போடு."